எங்களுக்கும் ஒரு முழுக்கு நாள்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் சந்திக்குச் சந்தி பியூட்டி பாலர் முளைத்துவிட்டது, ஆண் துணை இல்லாத பெண்களும் நுண்கடன் எடுத்தவர்களும் அங்கே போய்க் காசைக் கரைக்கிறார்கள், இத்தனை உயிரைப் பறிகொடுத்த மண்ணுக்கு இது அழகல்ல என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபத்தில் எழுதவில்லை, கவலையில் எழுதியிருக்கிறார் என்பது நடையிலேயே தெரிகிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபக்காரருக்கென்றால் பேசாமல் விட்டிருப்பேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சனம் எங்களை 'மிஸ்' என்று கூப்பிடும். வயது போன ஆச்சிமார் இன்னும் மருத்துவிச்சி என்றே சொல்வார்கள். முன்விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, அதோடு அனுப்பிவிடக்கூடிய உத்தியோகம் இல்லை இது. குசினிக்குள் போயிருக்கிறேன். கிணற்றடிக்குப் போயிருக்கிறேன். பிள்ளை பெற்ற அறைக்குள் பாய் விரித்து இருந்திருக்கிறேன். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கத்துப் பெண்களின் முகத்தைவிட அவர்களுடைய முதுகும் முழங்காலும் பாதமும் எனக்கு நல்ல பழக்கம்.

அந்த உடம்புகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கச்சான் பிடுங்குகிற காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்களின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கொறிக்கிறவர்கள், அதைக் கொடியில் இருந்து ஆய்ந்த கையை நினைக்க மாட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடியமுதல் பஸ் வந்துவிடும். அதற்கு முன் எழும்பிச் சமைத்து, பிள்ளையை ஆச்சியிடம் விட்டு, தலையை ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். முப்பது வயதில் கழுத்துக் கொழுவல், தோள்மூட்டு வலி. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பெண்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குக் கவசம், அந்தக் கோலத்தில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிற வேலை. அவர்களில் ஒருத்தி என் முன்னால் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். வியர்வையில் ஊறி ஊறி உச்சந்தலை புண்ணாய்க் கிடந்தது.

இவர்களிடம் "உனக்கெண்டு ஒரு நாள் கடைசியா எப்ப பிள்ளை எடுத்தனி?" என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். ஒருத்தி யோசித்துவிட்டு, "டெங்கு வந்து ஆசுப்பத்திரியில கிடந்தன் மிஸ், நல்ல நித்திரை" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்ணின் தலையில் மற்றவர்கள் கை வைத்துப் பராமரிக்கிற சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள். பெரியபிள்ளை ஆனால் மாமி மச்சாள்மார் கூடி நின்று தண்ணி வார்ப்பார்கள். கலியாணத்துக்கு முதல் பால் அறுகு வைத்துத் தோயவார்ப்பார்கள். பிள்ளை பிறந்தால் வேப்பிலை, நொச்சி, பாவட்டை, ஆடாதோடை எல்லாம் போட்டு அவித்த தண்ணீரில் தாய்க்காரி வார்ப்பாள், சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுப்பாள், முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும்வரை ஒரு செம்பு தூக்கவும் விடமாட்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தலையில் இன்னொருவர் எண்ணெயும் அரப்பும் வைப்பது செத்த வீட்டில்தான். அன்றைக்கு உறவெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொருவராய் வைத்துவிட்டுப் போவார்கள். கடைசிப் பிள்ளையின் முப்பத்தொன்றுக்கும் அந்த வரிசைக்கும் இடையில் நாற்பது ஐம்பது வருடம் கிடக்கிறது. அந்த ஐம்பது வருடத்தில் ஒரு நாள் கேட்பதைத்தான் வாசகர் ஆடம்பரம் என்கிறார்.

முன்னே இப்படி இருக்கவில்லை. ஆம்பிளைகளுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி என்று கிழமையில் ஒரு எண்ணெய் முழுக்கு வீடுகளில் இருந்தது. என் அம்மா நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் ஒரு பல்லு உள்ளியும் போட்டுச் சூடாக்குவார். சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அம்மியில் அரைத்த அரப்பு ஒரு சட்டியில் இருக்கும். கிணற்றடியில் பலகையைப் போட்டு இருத்தி, உச்சியில் எண்ணெயைத் தப்பித் தேய்க்கும்போது "அசையாதை" என்று பிடரியில் ஒரு தட்டும் விழும். பிறகு சாம்பிராணிப் புகை, மிளகுரசம். பின்னேரம் அம்மாவும் பெரியம்மாவும் தங்களுக்குள் ஒருத்தருக்கு ஒருத்தர் வைத்துவிடுவார்கள். அவர்கள் முழுகிக்கொண்டிருக்கும்போது நாங்கள் எது கேட்டாலும் "பொறு" என்றுதான் மறுமொழி வரும். அந்த வீட்டில் அம்மா எங்களைப் பொறுக்கச் சொன்ன நேரம் அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரத்துக்கு வழியில்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அப்போதுகூட முழுக்கு நிற்கவில்லை, எள்ளு எங்கள் மண்ணில் விளைகிற சாமான்தானே. நின்றது 2009இல். போர் முடிந்து இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேன், சிரங்கு, சொறி. இடுப்புக்குக் கீழே கூந்தல் விழுந்த பெண்கள் ஒரு கத்தரிக்கோலை மாறி மாறி வாங்கிக் கழுத்தோடு வெட்டினார்கள். அந்தக் கத்தரிக்கோலை நானும் வாங்கினேன். 2012 செப்டெம்பரில் அந்த முகாமை மூடினார்கள். ஊருக்கு வந்தோம், தறப்பாளுக்குக் கீழே இருந்தோம், வீடு கட்டினோம். கூந்தல் வளர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் திரும்பி வரவில்லை.

இடையில் ஒரு கேள்வி. சலூனுக்கு மயிர் வெட்டப் போகிற ஆம்பிளை, வெட்டி முடித்து சேவ் எடுத்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறாரே, எதற்காக? சலூன்காரத் தம்பி தலையைப் பிடித்து அமத்தி, நெற்றிப் பொட்டை உருவி, கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறித்து விடுவதற்காகத்தான். ரேடியோவில் பாட்டுப் போகும், கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். போரில் செத்தவர்களை அவர் மறந்துவிட்டார் என்று எந்தப் பத்திரிகைக்கும் யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுதவும் வேண்டாம். பாவம், மனிசன் இருக்கட்டும்.

கடன் விசயத்துக்கு வருகிறேன். வாசகர் கடனையும் பாலரையும் ஒரே நூலில் கோர்த்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் தங்கள் கடன் கொப்பியை என்னிடம் தந்து கணக்குப் பார்த்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணும் சீமெந்தும் கூலியும் ஏறிய வேகத்தில் கூரைக்கு ஒரு கடன், கதவு யன்னலுக்கு ஒரு கடன், கிணறு வெட்ட ஒரு கடன், பிறகு அந்தக் கடன்களைக் கட்ட இன்னொரு கடன். கொப்பிகளில் நான் கண்டது இவைதான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்ததென்றால் நிலைமை எப்படி இருந்திருக்க வேண்டும். பேசியல் செய்து எவளும் அந்தக் கிடங்குக்குள் விழவில்லை. உண்மையைச் சொன்னால், கிழமைக் கிழமை கடன் கூட்டத்தில் குந்தியிருந்து கழித்த நேரத்தில் அவர்கள் ஊரோடு சேர்ந்து முழுகி எழும்பியிருக்கலாம்.

பாலருக்கு நான் எதிரி இல்லை. எங்கள் பக்கத்தில் அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பிள்ளைகளே. அழகுக்கலை படித்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து, வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியும் கதிரையும் போட்டுத் தொடங்கியவர்கள். கலியாண முகூர்த்தத்தை நம்பி மாதம் தள்ளுகிறவர்கள். அப்படி ஒரு பிள்ளையிடம் போய்க் காலை வெந்நீரில் ஊறவிட்டுப் பித்தவெடிப்பைச் சுரண்டுவித்தால் பாதமும் ஆறும், அவளுடைய அடுப்பும் எரியும். அங்கே புருசனை இழந்த பெண் ஒருத்தி போனால் "யாருக்காம் இந்தச் சோடனை" என்று கேட்கிற வாய்கள் இருக்கின்றன. பெண்களின் வாய்களும் அதில் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பித்தவெடிப்புக்குப் புருசன் இருக்கிறவள் இல்லாதவள் என்று தெரியாது.

ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்வேன். வெள்ளையாக்கிற கிறீம் வேண்டாம். பெயர் தெரியாத, செய்தவர் விலாசம் இல்லாத, வேற்றுமொழி எழுத்தோடு சின்ன டப்பியில் வருகிற சாமானை ஒரு பிள்ளை "பத்து நாளில கலர் வரும் அன்ரி" என்று காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். இந்த வகைக் கிறீம்களில் பல நாடுகளில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. தோலின் நிறத்தைத் தருகிற மெலனினை உடம்பு உண்டாக்க விடாமல் அது தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோலுக்குள்ளால் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. பூசியவளின் துவாயிலும் தலையணையிலும் இருந்து கைப்பிள்ளைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கை என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் ஒன்று செய்தன. 2017இல் இலங்கையும் அதில் சேர்ந்தது. அழகுசாதனத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்று முதலில் எல்லை வைத்தார்கள். 2023இல் ஜெனீவாவில் கூடியபோது அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனமே இருக்கக்கூடாது என்றார்கள். கடதாசியில் முடிவெடுத்தாயிற்று. டப்பி வருவது நின்றதா என்பதைக் கடைக்குப் போனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வேறு ஊருக்கு இது பொதுவான எச்சரிக்கை. எங்களுக்கு அப்படியல்ல. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் முழுதாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வீடு வீடாக ஆட்களைத் தின்கிறது. கிணற்றுத் தண்ணீரா, வெயிலில் தண்ணீர் குடியாமல் செய்யும் வேலையா, மருந்தடிப்பா என்று இன்னும் ஆராய்கிறார்கள். இரத்தம் சுத்திகரிக்க பஸ் ஏறிப் போகிறவர்களை நாங்கள் தினம் பார்க்கிறோம். இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு சிறுநீரகத்துக்கு இன்னொரு பாரத்தை நாங்களே காசு கொடுத்து முகத்தில் பூசுவதா? நல்லெண்ணெய் கலர் தராது. கலர் வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் கறுப்புக்கு என்ன குறை?

நல்லெண்ணெயைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் புகழவும் எனக்கு விருப்பமில்லை. முழுகினால் சலரோகம் போகும், கண்பார்வை திரும்பும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருத்தி இல்லை. பிறந்த பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிற ஆச்சிமாரோடு வேலைக்காலம் முழுக்கச் சண்டை பிடித்தவள் நான். எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் பிள்ளைக்கு நியுமோனியா வரும், அதில் விளையாட்டில்லை. முழுகிய அன்று பகல் நித்திரை கூடாது என்பார்கள். விடியப்புறம் எழும்பி ஓடுகிறவளுக்கு அந்தச் சட்டம் செல்லாது, தலை காய்ந்த பிறகு தாராளமாகப் படுக்கலாம் என்பது என் தீர்ப்பு. வறண்ட தோல் இளகும், இறுகிய கழுத்தும் தோளும் தேய்க்கத் தேய்க்கத் தளரும், தலைக்குள் வெடித்த இடம் எரியாமல் இருக்கும், அன்றைக்கு நல்ல நித்திரை வரும். இவ்வளவுதான் எண்ணெய் செய்கிற வேலை. இவ்வளவு போதாதா?

வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்றும் நிற்க வேண்டாம். தொழிற்சாலைக்காரிக்கு ஞாயிறுதான் லீவு. ஞாயிறு முழுகினால் வற்றாப்பளை அம்மாள் கோபிக்கமாட்டா. கிழமைக்கு ஒரு தரமும் இன்றைக்கு நடக்காது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் ஏறிய ஏற்றத்தில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் நாட்கூலியின் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஆகவே மாதத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம்.

காசும் நேரமும் இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று குறுக்கே நிற்கிறது. அதை ஆம்பிளைகள் யோசித்தே இருக்க மாட்டார்கள். முழுகுவதற்கு மறைப்பு இல்லை. மீள்குடியேறிய பிறகு கட்டிய வீடுகளில் அறை இருக்கிறது, குசினி இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது. நான் போய்வந்த வீடுகளில் குளிக்கிற இடத்துக்கு நாலு பக்கம் மறைப்பு இருந்தது குறைவு. முன்னே கிணற்றடியைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்தது, வேலிக்கரையில் வாழை நின்றது. இப்போது கம்பி வேலி, நட்ட வாழை இன்னும் தழைக்கவில்லை, றோட்டால் போகிறவன் தலையைத் திருப்பினால் கிணற்றடி தெரியும். குறுக்குக்கட்டோடு நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு ஓடிவரலாம். எண்ணெயை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் குந்தியிருக்க முடியுமா? பொதுக் கிணற்றில் இன்னும் மோசம். சிறுபோகத்துக்கு முத்தையன்கட்டுக் குளம் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், பெண்கள் கூட்டமாய்ப் போவார்கள். அதிலும் இப்போது பாலத்தில் நின்று கைபேசியைத் தூக்குகிற பெடியளுக்குப் பயந்து பொழுதுபட்ட பிறகுதான் போகிறார்கள். பொழுதுபட்டால் பாம்பு, சில இடத்தில் யானை.

அதனால் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். தகரம் அடித்து மறைப்புக் கட்டிய கிணற்றடி உள்ள ஒரு வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு. ஒருத்தி எண்ணெய், ஒருத்தி அரப்பு, இன்னொருத்தி விறகு. அன்றைய சமையல் வீட்டிலுள்ள ஆம்பிளைகள் பாடு. ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கு நாங்களே அங்கே ஒரு பெரிய பானையில் சோறும் ரசமும் வைத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுவோம். தனக்குத் தானே எண்ணெய் வைக்கக்கூடாது என்பது ஒன்றே சட்டம். ஒருத்திக்கு இன்னொருத்தி வைக்க வேண்டும். முதல் நாளே அரப்புக்குத் தேசிக்காய் எத்தனை என்பதில் மாங்குளத்தாளும் முள்ளியவளையாளும் பிடித்த சண்டை இன்னும் தீரவில்லை. இப்போது இரண்டு சட்டி அரப்பு வருகிறது, யார் எந்தச் சட்டியில் கை வைக்கிறாள் என்று இரண்டு பேரும் கண்ணை அங்காலே இங்காலே எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கழுத்தைத் தேய்க்கும்போது பெண்கள் கதைப்பார்கள். கிளினிக்கில் மேசைக்கு முன்னால் கதிரையில் இருத்தி நான் கேட்டபோது "ஒண்டுமில்லை மிஸ்" என்றவர்கள், இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வெள்ளைபடுதலைச் சொன்னார்கள், அடிவயிறு இறங்குவதுபோல இருக்கிறது என்று சொன்னார்கள், நித்திரை வராத கதையைச் சொன்னார்கள். முழுக்கு நாளில் மார்பைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தையும் இங்கேதான் ஏற்றிவிட்டேன். ஈரக் கைக்குக் கட்டி இலகுவாகத் தட்டுப்படும். மாதவிலக்கு வந்து ஒரு கிழமை கழிந்த நாள்கள் அதற்குத் தோது. இலங்கைப் பெண்களுக்கு ஆகக்கூடுதலாக வருகிற புற்றுநோய் மார்பில்தான், வலி வரும்வரை பொறுத்திருந்தால் பிந்திவிடும். 35 வயது தாண்டியவர்களுக்கென்று வெல் வுமன் கிளினிக் 1996இல் இருந்து நாட்டில் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாள் சொல்வார்கள். பிரசர், சீனி, மார்பு பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க பப் பரிசோதனை செய்வார்கள். ஒரு சதம் வேண்டாம். ஆனாலும் வருத்தம் வராமல் கிளினிக் போவதற்கு எங்கள் பெண்களுக்கு வெட்கம், "சும்மா போய் என்னத்தைக் காட்டுறது" என்பார்கள். முழுகிய கையோடு அடுத்த கிளினிக் நாளுக்கு நாலைந்து பேராய்ச் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். கூட்டமாய்ப் போனால் வெட்கம் பாதியாகிவிடுகிறது.

வராதவர்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறார். போர் முடிவில் மகனைப் படையினரிடம் கையால் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை தேடுகிறவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியதில் இருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போய் இருந்தவர். கூப்பிடப் போனபோது, "பிள்ளை எங்க கிடக்குதெண்டு தெரியாமல் நான் எண்ணெய் வைச்சு முழுகிறதோ, தங்கச்சி?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இப்போதும் இல்லை. அந்த வாசகருடைய கவலை இந்த அம்மாவின் வாயில் இருந்து வரும்போது அது வேறு விசயம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, எங்களுக்கு எதிர்த்துக் கதைக்க உரிமை இல்லை. சில மாதம் கழித்து, வெயிலில் இருந்து இருந்து முழங்கால் வீங்கிவிட்டது என்று பொல்லு ஊன்றிக்கொண்டு வந்தார். தலைக்கு வேண்டாம் என்றுவிட்டார். முழங்காலுக்கு மட்டும் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டோம். "நாளைக்குப் போராட்டத்துக்குப் போக வேணும், அதுக்குத்தான்" என்று இரண்டு தரம் சொன்னார். அதற்காகவே இருக்கட்டும். அவர் இப்போதும் அப்படித்தான் வருகிறார், தலையைத் தொட விடமாட்டார், நாங்களும் கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, பதாகை கட்டவில்லை, திட்ட முன்மொழிவு எழுதவில்லை. யாரோ ஒரு அமைப்பு வந்து படம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றும் கேட்கவில்லை. முழுகுகிற இடத்தில் என்ன படம்? ஆனால் பிரதேச சபைகளிடம் ஒரு கோரிக்கை உண்டு, அதை உங்கள் பத்திரிகை வழியாகவே வைக்கிறேன். பொதுக் கிணறு திருத்துகிறபோது கட்டுக்கும் கப்பிக்கும் காசு ஒதுக்குகிறீர்கள். அதோடு சேர்த்துப் பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு ஆள் உயரத்துக்கு ஒரு சுவரும், உள்ளே குந்தியிருக்க ஒரு கட்டும், உடுப்புப் போட ஒரு கம்பியும் வையுங்கள். சீமெந்துக் கல்லு நூறு இருநூறுக்கு மேல் போகாத வேலை. அடுத்த வருடப் பாதீட்டில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு கிணறு என்று தொடங்கினாலே போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எந்தக் கிணறு முதலில் வேண்டும் என்று பட்டியல் கொடுக்கலாம். இந்தச் சங்கங்களின் கூட்டத்தில் பற்றுச்சீட்டும் கடனும் தவிர வேறு ஏதாவது கதைத்து எனக்கு நினைவில்லை, இதைக் கதைக்கட்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஒன்று. சாப்பாட்டுக் கடைகளில் காட்டுகிற கண்டிப்பில் கொஞ்சத்தை விலாசம் இல்லாத கிறீம் டப்பிகள் விற்கிற கடைகள் பக்கமும் காட்டினால் நல்லது.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு: உங்கள் வீட்டிலும் மனைவியோ தாயோ சகோதரியோ இருப்பார்கள். வருகிற மாதம் முதல் ஞாயிறு எங்கள் முழுக்கு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இறங்கி முழுக்கு வீடு எது என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் காட்டுவார்கள். அவர்களை அனுப்பிவையுங்கள், மாற்றுடுப்பு ஒன்று கொண்டுவந்தால் போதும். நீங்கள் வரத் தேவையில்லை. அன்றைய சமையல் உங்கள் பாடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.